குழந்தையின் இடுப்பும் ஒரு சிறு தலையணையும்

சென்ற ஆண்டு ஆவணி மாதத்திலே, வலிகாமத்தில் உள்ள எமது தாய்வழி வீட்டுக்கு ஓடு மாற்றும் வேலை நடைபெற்றது. அப்பொழுது, அறையொன்றின் மூலையில் நெடுங்காலமாகத் திறவாது கிடந்த அம்மம்மாவின் றங்குப் பெட்டியை வெளியே எடுக்க நேர்ந்தது. போர்க்காலத்து இடப்பெயர்வுகளுக்கெல்லாம் தப்பிக் கிடந்த பெட்டி அது. அதனுள்ளே அம்மம்மாவின் கூறைச் சேலை இருந்தது. பனையோலைக் குட்டான் ஒன்று இருந்தது. பழுப்பேறிய சாதகக் குறிப்புகள் சில இருந்தன. அவற்றின் அடியிலே, இன்னதென்று எம்மால் அறிய முடியாத ஒரு பொருளும் இருந்தது.

அது ஒரு சிறிய தலையணை. ஒரு சாணுக்குச் சற்று மேற்பட்ட அகலம். இலவம்பஞ்சு இறுக அடைத்துத் தடித்த வெள்ளைத் துணியால் உறையிட்டுத் தைக்கப்பட்டிருந்தது. நான்கு மூலைகளிலும் நீண்ட நாடாக்கள். அவற்றுள் இரண்டிலே தெறிகள். தலைக்கு வைப்பதாயின் தலையணைக்கு நாடா எதற்கு? பொம்மைக்குத் தைத்ததோ என்றார் ஒருவர். சைக்கிளில் குழந்தையை இருத்துவதற்கு என்றார் இன்னொருவர். திண்ணையிலிருந்த பெரியம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். சிறிது நேரம் பேசாதிருந்தார்.

“உது உன்ர சின்னம்மாவுக்குத் தைச்சது, தம்பி. அவளுக்குத் தொடைப் பொருத்து விலத்தியிருக்கெண்டு டொக்டர் சொன்னவர். அம்மா தன்ர கையாலை தைச்சவ” என்றார்.

1964ஆம் ஆண்டிலே சின்னம்மா பிறந்தபொழுது தலை முன்னாக வாராது, பிட்டம் முன்னாக வந்தவராம். இங்கிலாந்திலே பயின்று திரும்பியிருந்த வைத்தியர் ஒருவர் குழந்தையின் கால்களை மடித்து விரித்துப் பார்த்து, இடப்பக்கத்து இடுப்பு மூட்டு நிலையில் இல்லை என்று கண்டாராம். அதற்குரிய சாதனம் இங்கே விலைக்குக் கிடைக்காமையால், ஒரு கடதாசியிலே படம் வரைந்து, அளவுங் குறித்து, “இப்படி ஒன்று தைத்துக்கொண்டு வாருங்கள்” என்று அம்மம்மாவிடம் கொடுத்தாராம். அம்மம்மா தையல் மெசினிலே அதனைத் தைத்தார். வைத்தியரே அதனைக் குழந்தையின் இரு தொடைகளுக்கும் இடையில் வைத்துக் கட்டினார். குறித்த நாள்களில் அழைத்துப் பார்த்தார். நான்கு மாதத்திலே தலையணை கழற்றப்பட்டது. சின்னம்மா காலம் பிசகாமல் நடந்தார்; பள்ளிக்கூடத்தில் வலைப்பந்தாட்டமும் ஆடினார்.

பெரியம்மாவுக்கு அக்காலம் பன்னிரண்டு வயது. பார்த்ததெல்லாம் அவருக்கு நினைவிருந்தது. ஆயின், கனடாவிலே வாழும் சின்னம்மாவுக்கோ, தம்மைப் பற்றிய இக்கதை அறுபது வயது வரையிலே தெரியாது!

ஒரு யாழ்ப்பாணத்துத் தாய் தைத்த இத்தலையணையின் மூலம் யாது? அந்த வைத்தியர் வரைந்த படம் எங்கிருந்து வந்தது? இவ்வினாக்கள் எம்மை விடவில்லை. தேடிச் சென்றபொழுது அறிந்தவற்றை அன்பர்களுக்குச் சொல்லுவது கடமை என்று கருதுகின்றோம். ஏன் கடமை என்பது முடிவிலே விளங்கும்.

சிரட்டையும் தேசிக்காயும்

என்பையும் மூட்டையும் பற்றித் தமிழிலே எழுதுவது எமது குடாநாட்டுக்குப் புதிதன்று. 1847ஆம் ஆண்டில் இங்கு வந்து, மானிப்பாயைத் தமது இருப்பிடமாகக் கொண்ட அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலைத்தேச வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். 1867ஆம் ஆண்டில் ‘இரண வைத்தியம்’, 1872ஆம் ஆண்டில் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் பெருநூல்கள் அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்தன. ஆதலால், நாமும் துணிந்து சொல்லலாம்.

இடுப்பு மூட்டைப் பந்துக் கிண்ண மூட்டு என்று பள்ளிப் பிள்ளைகள் படிப்பார்கள். தொடையென்பின் தலை, பந்து. இடுப்பென்பில் உள்ள குழி, கிண்ணம். சிரட்டை ஒன்றினுள்ளே தேசிக்காய் ஒன்றை வைத்தால் எவ்வளவு அசைத்தாலும் அது உள்ளேயே உருளும். தட்டையான மூடி ஒன்றிலே வைத்தால் சிறிது சாய்த்தவுடன் வெளியே ஓடிவிடும். சில குழந்தைகளுக்குக் கிண்ணம் போதிய ஆழமின்றி இருக்கின்றது; மூட்டைச் சூழ்ந்த தசைநார்களும் தளர்ந்திருக்கின்றன. அதனால் என்புத் தலை கிண்ணத்தின் விளிம்பிலே நிற்கிறது. அல்லது வெளியே நழுவிவிடுகிறது.

இங்கே ஓர் அதிசயம் உண்டு. பிறந்த குழந்தையின் இடுப்புக் கிண்ணமும் என்புத் தலையும் பெரும்பாலும் குருத்தென்பினால் ஆனவை. ஆதலால், ஈரமான களிமண்போல் அவற்றை உருப்படுத்தலாம். பந்து கிண்ணத்தின் நடுவிலே தங்கியிருக்குமாயின், அது அழுத்த அழுத்தக் கிண்ணம் தானே ஆழமாகும். பந்து வெளியே நிற்குமாயின், கிண்ணம் நாளடைவில் மேலும் தட்டையாகிவிடும். குயவன் சக்கரத்து மண் காய்வதற்கு முன் செய்யவேண்டிய வேலை இது. காய்ந்த பின்னர் வெட்டிச் செதுக்கவேண்டி வரும். அதுவே சத்திர சிகிச்சை.

இக்குறை பெண் குழந்தைகளிடத்திலேயே மிகுதியாகக் காணப்படும். தலைச்சன் பிள்ளைகளுக்கும், கருவிலே பிட்டம் கீழாக இருந்த பிள்ளைகளுக்கும், குடும்பத்தில் முன்னரே இக்குறை உடையோர் இருந்தால் அப்பிள்ளைகளுக்கும் இது வரக்கூடும். வலப்பக்கத்தினும் இடப்பக்கத்திலே அதிகம். குழந்தைக்கு நோவு இல்லை, அழுவதுமில்லை. அதனாலேயே இது மறைந்திருந்து, நடக்கும் நாளிலே வெளிப்படுகின்றது.

வியன்னா வைத்தியரும் பெராரா நகரத் தாயும்

கருவிலேயே இடுப்பு விலகிப் பிறப்போர் உண்டு என்பதைப் பண்டைக் கிரேக்க வைத்தியர் இப்போக்கிரட்டீசே குறிப்பிட்டிருக்கின்றார். ஆயின், அதனைத் தீர்க்கும் வழி பல நூற்றாண்டுகளாகப் புலப்படவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேதான், வியன்னா நகரத்து அடோல்வ் லோரென்ஸ் என்பவர் கத்தியின்றி இதனைத் திருத்தத் தொடங்கினார். அவர் முதலில் சத்திர சிகிச்சையாளராயிருந்தவர். கிருமிநாசினியாகப் பயன்பட்ட காபோலிக் அமிலம் அவரது கைத்தோலுக்கு ஒவ்வாது போயிற்று. கத்தியைக் கைவிட்டுக் கையினாலேயே மூட்டை நேர்ப்படுத்தும் வழியை நாடினார். 1902ஆம் ஆண்டிலே சிக்காகோ நகரத்துப் பெருஞ்செல்வர் ஆமர் என்பவரின் மகளுக்குச் சிகிச்சை செய்ய அழைக்கப்பட்டுக் கடல் கடந்து சென்றமையால் அவர் புகழ் உலகெங்கும் பரந்தது. பறவைகளின் இயல்பை ஆராய்ந்து 1973இல் நோபல் பரிசு பெற்ற கொன்றாட் லோரென்ஸ் இவருடைய மைந்தரே.

லோரென்சின் முறையில் ஒரு குறை இருந்தது. மூட்டை உள்ளே தள்ளியபின், தவளையின் கால்களைப்போல இரு தொடைகளையும் முற்றாக விரித்துச் சாந்துக் கட்டுப் போட்டுப் பல மாதம் அசையாது வைத்தார்கள். அவ்வளவு வலிந்து விரிப்பதனால் என்புத் தலைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் நெருக்குண்டு, சில குழந்தைகளுக்கு என்புத் தலையே நலிந்துபோயிற்று. நோயினும் மருந்து கொடிதாயிற்று எனலாம்.

குழந்தை நடக்கும் வரை காத்திருப்பதே தவறு என்பதை, இத்தாலியின் பொலோஞா நகரத்து விட்டோரியோ புட்டி 1920களில் வற்புறுத்தினார். கண்டவுடன் சிகிச்சை தொடங்கவேண்டும் என்பது அவர் கொள்கை. கால்களுக்கிடையில் முக்கோண வடிவான மெத்தை ஒன்றை வைத்து அவர் தொடைகளை மெல்ல விரித்தார். தலையணையின் கதை இங்கேதான் அரும்புகின்றது.

ஆனால், நடவாத குழந்தையிடம் குறையைக் கண்டுபிடிப்பது எவ்வாறு? இதற்கு விடை தந்தவர் ஒரு தாய். இத்தாலியின் பெராரா நகரத்திலே மரினோ ஒட்டோலானி என்னும் குழந்தை வைத்தியர் இருந்தார். 1930களின் நடுப்பகுதியில், தன் குழந்தையைக் கழுவித் துடைக்கும்போது இடுப்பிலே ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கிறது என்று தாய் ஒருத்தி அவரிடம் வந்து சொன்னாள். வேறொருவராயின் சிரித்து அனுப்பியிருப்பார். ஒட்டோலானி அந்தக் குழந்தையின் தொடைகளை மடித்து மெல்ல விரித்துப் பார்த்தார். விலகி நின்ற என்புத் தலை கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டி உள்ளே புகும் உணர்ச்சி அவர் விரல்களிற் பட்டது. 1937ஆம் ஆண்டிலே இதனை எழுதி வெளியிட்டார். பிரான்சு நாட்டு லெ டமனி என்பவர் அந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதனை அறிந்திருந்தாராயினும், வைத்திய உலகம் பொருட்படுத்தவில்லை. இன்று உலகெங்கும் பிறந்த குழந்தைகளுக்குச் செய்யப்படும் இச்சோதனை ஒட்டோலானியின் பெயரையே தாங்கி நிற்கின்றது. அந்தத் தாயின் காதுக்கும் அதிலே பங்கு உண்டு.

பேர்னோ நகரத்துத் தலையணை

எமது றங்குப் பெட்டித் தலையணையின் நேரான மூதாதையை அன்றைய செக்கோசிலோவாக்கியாவின் பேர்னோ நகரத்திலே காண்கின்றோம். அந்நகரம் 1939 முதல் ஜேர்மனியரின் பிடியில் இருந்தது. செக் மக்களின் சர்வகலாசாலைகள் மூடப்பட்டிருந்தன. அந்தக் காலத்திலேதான், 1941இல், பெட்ரிக் பிரெய்க்கா என்னும் என்பு மூட்டு வைத்தியர் ஒரு எளிய சாதனத்தை வெளியிட்டார். உறுதியான சதுரத் தலையணை ஒன்று. அதனைக் குழந்தையின் அணையாடைக்கு மேலே இரு தொடைகளுக்கும் இடையில் வைத்து, தோள்மேலாக வரும் பட்டிகளால் நிறுத்துவது. இவ்வளவே. இரும்பு இல்லை, தோல் இல்லை, சாந்து இல்லை. தையல் தெரிந்த எந்தத் தாயும் வீட்டிலேயே செய்துவிடலாம்.

இந்த எளிமையே அதற்குச் சிறகாயிற்று. ‘பிரெய்க்கா தலையணை’ என்ற பெயரோடு அது நாடு நாடாகச் சென்றது. பெரியம்மா சொன்ன அடையாளங்களையும் எம் கையிலிருந்த பொருளையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது ஐயம் நீங்கிற்று. அந்த வைத்தியர் கடதாசியிலே வரைந்தது பேர்னோ நகரத்துத் தலையணையையே. அங்கே எதை அடைத்தார்களோ நாம் அறியோம். இங்கே எமது வேலியோரத்து இலவமரம் பஞ்சு கொடுத்தது.

அசைவே மருந்து

பிரெய்க்காவிடம் பயின்றவர் ஆர்னோல்ட் பாவ்லிக். பின்னர் ஒலமோட்ஸ் நகரத்திலே பணி செய்தவர். ஆசிரியரின் தலையணையினும் மேலான வழி ஒன்று உண்டா என்று சிந்தித்த மாணாக்கர் இவர். வலிந்து விரித்து அசையாமல் வைப்பதே என்புத் தலை நலிவதற்குக் காரணம் என்று இவர் துணிந்தார். ‘குழந்தையின் இயல்பு அசைவதே, அசைவைத் தடுக்காமலே மூட்டைத் திருத்த வேண்டும்’ என்பது இவர் எண்ணம்.

1944ஆம் ஆண்டளவில் அவர் பட்டிகளாலான ஒரு கட்டை அமைத்தார். மார்பைச் சுற்றி ஒரு பட்டி. தோள்களின் மேலே இரண்டு. அவற்றிலிருந்து தொங்கி இரு பாதங்களையும் தாங்கும் பட்டிகள். குதிரைச் சேணத்திலே கால் வைக்கும் அங்கவடிக்குச் செக் மொழியில் வழங்கும் சொல்லையே அவர் அதற்குப் பெயராக இட்டார். இக்கட்டு தொடைகளை வயிற்றுப் பக்கமாக மடித்து மட்டுமே வைக்கும், விரிப்பதில்லை. மடிந்த தொடைகள் தம் பாரத்தினாலேயே பக்கவாட்டில் மெல்ல விரியும். குழந்தை உதைக்கலாம், அசையலாம். காலை நீட்ட மட்டும் இயலாது. உதைக்க உதைக்க, பந்து தன் கிண்ணத்தைத் தானே தேடிச் சேரும்.

1957ஆம் ஆண்டில் ஜேர்மன் மொழியில் அவர் எழுதிய கட்டுரையினால் இம்முறை வெளியுலகிற் பரவியது. 1962இல் பாவ்லிக் காலமானார். இன்று உலகில் மிகுதியாக வழங்குவது அவருடைய கட்டே. பிறந்து சில வாரங்களிலே தொடங்கினால், பத்துக் குழந்தைகளில் எட்டு ஒன்பது பேருக்குக் கத்தியின்றியே மூட்டு நிலைபெற்றுவிடுகிறது. ஆசிரியர் தலையணை தந்தார். மாணாக்கர் அதனைக் கடந்தார். எம்போன்ற ஆசிரியர்களுக்கு இதனினும் மகிழ்ச்சியான செய்தி வேறில்லை.

1962ஆம் ஆண்டு இவ்வரலாற்றிலே முக்கியமானது. சுவீடனின் மால்மோ நகரத்து வொன் ரோசன், பிறந்த குழந்தைகள் அனைவரையும் சோதித்து, குறை கண்டோருக்கு அலுமினியத் தகட்டை இறப்பரால் மூடிய வளைகட்டு ஒன்றைப் பூட்டிப் பெற்ற பயனை அவ்வாண்டிலே வெளியிட்டார். அதே ஆண்டில் இங்கிலாந்தின் சல்போர்ட் நகரத்து பார்லோ மற்றொரு சோதனையை விவரித்தார். பிறந்த குழந்தைகளில் 60 பேருக்கு ஒருவரின் இடுப்பு தளர்ந்திருக்கிறது என்றும், அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் முதல் வாரத்திலேயே தாமாகத் தேறிவிடுகின்றனர் என்றும் அவர் கண்டார். எஞ்சியோரை விடாது கவனிக்கவேண்டும் என்பதே இதன் பொருள். 1980இல் ஒஸ்திரியாவின் றைனாட் கிறாவ், ஒலியலையைக் கொண்டு குழந்தையின் இடுப்பைப் படம்பிடிக்கும் முறையைத் தந்தார். எக்ஸ்கதிர்ப் படத்திலே குருத்தென்பு தெரியாது. ஒலியலைப் படத்திலே தெரியும். ஆறாம் வாரத்துக் குழந்தையின் மூட்டும் இன்று கண்ணுக்குப் புலனாகின்றது.

ஒக்கலையில் இருக்கும் உண்மை

இவ்வளவும் வாசித்தபின் எமது முற்றத்தைப் பார்த்தோம். அயல்வீட்டுப் பெண் தன் குழந்தையை ஒக்கலையில் வைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். குழந்தையின் ஒரு கால் தாயின் வயிற்றுப் பக்கம். மற்றைக் கால் முதுகுப் பக்கம். தொடைகள் மடிந்தும் விரிந்தும் இருந்தன. கால்கள் தாராளமாக ஆடின. பிரெய்க்காவும் பாவ்லிக்கும் தேடிய நிலை இதுவன்றோ!

இது வெறும் உவமையன்று. வட அமெரிக்காவின் நவஹோ மக்கள் குழந்தையின் கால்களை நேராக நீட்டித் தொட்டிற் பலகையிலே இறுகக் கட்டி வைப்பது வழக்கமாயிருந்தது. அவர்களிடையே இடுப்பு விலகல் மிகுதியாகக் காணப்பட்டது. ஜப்பானிலும் கால்களை நீட்டிச் சுற்றும் பழக்கம் இருந்தது. 1975ஆம் ஆண்டளவிலே, அப்பழக்கத்தைக் கைவிட்டுக் கால்களைத் தளர விடுமாறு தாய்மாருக்கும் பாட்டிமாருக்கும் வைத்தியர்கள் நாடெங்கும் போதித்தார்கள். அதற்கு முன் நூற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்டிருந்த குறை, பின்னர் ஆயிரத்துக்கு இரண்டளவாகக் குறைந்தது. குழந்தையை முதுகிலே கால் விரித்துச் சுமக்கும் ஆபிரிக்க மக்களிடையே இக்குறை மிக அரிது.

எமது முன்னோரின் ஒக்கலை நல்ல வழக்கம் என்பதில் ஐயமில்லை. ஆயின், பெருமை பேசி அமைந்துவிடலாகாது. ஒக்கலையில் ஏறுவது கழுத்து நின்ற பின்னரே. மூட்டு உருப்படும் முதன்மையான வாரங்களோ அதற்கு முன்னரே கழிந்துவிடுகின்றன. அந்த வாரங்களிலே, எண்ணெய் தேய்த்து வார்க்கும்போது குழந்தையின் இரு கால்களையும் சேர்த்துப் பிடித்து நீட்டி இழுப்பதும், துணியால் கால்களை நேராகச் சுற்றுவதும் சில வீடுகளில் உண்டு. மூட்டு வைத்தியர்கள் இவற்றை வேண்டாம் என்கின்றனர். எண்ணெய் நன்று, தடவுதலும் நன்று, இழுத்தல் தீது. சுற்றுவதாயின் மேலுடம்பைச் சுற்றிக் கால்களைத் தவளைபோல மடிய விடுதல் வேண்டும்.

சொல்லாமல் விட்ட கதை

இனி, இதனை எழுதுவது கடமை என்றோமே, அதன் காரணத்தைச் சொல்லுகின்றோம்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் மழையிலே தென்மராட்சிக்குப் புறப்பட்டதை எவரும் மறவார். அக்கூட்டத்திலே நிறைமாதக் கர்ப்பிணியான எமது மாமியும் நடந்தார். இரு வாரத்தின் பின், உறவினர் வீட்டு விறாந்தையிலே, மருத்துவமாது ஒருவரின் துணையோடு அவருக்கு முதற் பெண் குழந்தை பிறந்தது. அந்நிலையிலே குழந்தையின் இடுப்பை யார் சோதிப்பார்? தாயும் சேயும் உயிரோடிருந்ததே பெரும்பேறு.

அடுத்த ஆண்டு வீடு திரும்பினோம். குழந்தை பதினைந்தாம் மாதத்திலே நடந்தாள். ஆனால் இடப்பக்கம் சாய்ந்து நடந்தாள். ‘இடப்பெயர்விலே பிறந்த பிள்ளை; காலிலே பலமில்லை’ என்று யாவரும் சொன்னோம். எண்ணெய் தேய்த்தார்கள்; நேர்த்தி வைத்தார்கள். குறை இன்னதென்று தெரிந்தபொழுது அவளுக்கு மூன்று வயது. தரைவழி மூடியிருந்த அக்காலத்தில் கொழும்புக்குச் செல்வதே பெரும்பாடு. சென்று, சத்திர சிகிச்சை செய்து, மாதக்கணக்கிற் சாந்துக் கட்டோடு கிடந்தாள். நடை திருந்தியது, முற்றாகத் திருந்தவில்லை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி நாள்களில் அவள் மரநிழலில் இருந்து உடைகளைக் காவல் காப்பாள். நாம் பார்த்திருக்கின்றோம்.

போரின் குற்றம் என்றே அந்நாள் வரை எண்ணியிருந்தோம். போரின் குற்றம் உண்டுதான். ஆனால் சின்னம்மா அந்தப் பெண்ணுக்கு யார்? தந்தையின் உடன்பிறந்த அத்தை. ஒரே குடும்பத்து ஒரே குறை. அத்தைக்கு இருந்தது என்று வீட்டார் அறிந்திருந்தால், ஊர் திரும்பியவுடனே ஒரு வைத்தியரிடம் சொல்லியிருக்கலாம்; ஏழெட்டு மாதத்திலேனும் கண்டுபிடித்திருக்கலாம். அம்மம்மா 1989இலேயே காலமாகிவிட்டார். பெரியம்மாவோ அப்பொழுது மட்டக்களப்பிலே. அவரிடம் மெல்லக் கேட்டோம்: “ஏன் பெரியம்மா, ஒருவருக்கும் சொல்லேல்லை?”

“அம்மா வாய் திறக்க விடேல்லை, தம்பி. குமர்ப்பிள்ளை; ஊருக்குத் தெரிஞ்சால் கலியாணம் குழம்பும் எண்டவ. பிறகு நானும் மறந்து போனன்.”

அம்மம்மாவை நாம் குறை கூறவில்லை. இரவு பகலாகத் தைத்துத் தன் மகளை நேராக நடக்கவைத்த தாய் அவர். மகளின் நன்மைக்காகவே அந்தக் கதையைப் பெட்டியிலே பூட்டினார். ஆயினும், பூட்டிய கதை பேர்த்தியின் காலிலே வந்து நின்றது.

பெற்றோர் கவனத்துக்கு

ஆன்றோர் பாடிய பிள்ளைத்தமிழிலே செங்கீரை ஐந்தாந் திங்கள். சப்பாணி ஒன்பதாந் திங்கள். வருகை பதின்மூன்றாந் திங்கள் அளவில். குழந்தை தளர்நடை நடந்து வரும் வருகைப் பருவத்திலே இக்குறை எல்லார் கண்ணுக்கும் தெரியும். ஆனால் செங்கீரைக்கு முன் கண்டால் துணிக்கட்டே போதும். சப்பாணிப் பருவத்திற் கண்டால் மயக்க மருந்தும் சாந்துக் கட்டும் வேண்டும். வருகை கழிந்தாற் பெரும்பாலும் கத்திதான். காலம் செல்லச் செல்ல விலை கூடும் பண்டம் இது.

குழந்தை பிறந்தவுடனும், ஆறு எட்டு வாரத்திலும் இடுப்பைச் சோதித்தார்களா என்று வைத்தியரிடம் கேளுங்கள், கேட்பது குற்றமன்று. வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடமும் கேட்கலாம். அணையாடை மாற்றும்போது ஒரு தொடை மற்றையதைப்போல விரியவில்லை. ஒரு கால் குட்டையாகத் தோன்றுகிறது. தொடை மடிப்புகள் இரு பக்கமும் ஒத்திருக்கவில்லை. நடக்கும் பிள்ளை சாய்கிறது அல்லது வாத்துப்போல அசைகிறது. இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் தாமதியாது காட்டுங்கள். மடிப்பு வேறுபாடு எதுவுமின்றியும் சிலருக்கு இருக்கும். ஆதலால் அஞ்சவும் வேண்டாம், அசட்டையும் வேண்டாம்.

இன்னொன்றை வற்புறுத்திச் சொல்லுகின்றோம். இக்கட்டுரையைப் பார்த்துவிட்டு எவரும் வீட்டிலே தலையணை தைத்துக் குழந்தைக்குக் கட்டிவிடலாகாது. அம்மம்மா தைத்தது உண்மை. அளவு குறித்தவரும், பொருத்தியவரும், பார்த்துப் பார்த்துத் திருத்தியவரும் வைத்தியரே. மூட்டு உள்ளே சேர்ந்ததா என்று அறியாது கட்டினால், என்புத் தலை பிழையான இடத்தில் அழுந்தும்; மிக விரித்தால் இரத்த ஓட்டம் கெடும். பிரெய்க்கா தலையணை படிப்படியாகப் பாவ்லிக் கட்டுக்கு இடம் விட்டதும் இதனாலேயே. அணையாடையை இரண்டு மூன்றாக அடுக்கிக் கட்டும் பழைய முறையும் பயனுடையதென்று இன்று கொள்ளப்படுவதில்லை. தைப்பது தாயின் கையாகலாம்; தீர்மானிப்பது வைத்தியரின் கையாதல் வேண்டும்.

முடிவாக ஒரு நற்செய்தி. விறாந்தையிலே பிறந்த அந்தப் பெண்ணுக்குச் சென்ற ஐப்பசியில் ஒரு மகள் பிறந்தாள். தன் குறை இடப்பெயர்வினால் வந்ததென்றே அதுவரை அவளும் நம்பியிருந்தாள். தலையணையின் கதையை நாம் ஆவணியிலேயே அவளுக்குச் சொல்லியிருந்தோம். குழந்தை பிறந்தவுடன் அவள் வைத்தியரிடம் தன் கதையையும் அத்தையின் கதையையும் சேர்த்துச் சொன்னாள். ஆறாம் வாரத்திலே ஒலியலைப் படம் எடுத்தார்கள். இடப்பக்கத்துக் கிண்ணம் ஆழம் போதாது என்று தெரிந்தது. பாவ்லிக் கட்டு இட்டார்கள். மூன்று மாதத்தில் அது கழற்றப்பட்டது. மூட்டு நன்றாய்ப் பொருந்திவிட்டது. இன்று அக்குழந்தை பெரியம்மாவின் ஒக்கலையிலே அமர்ந்து, இரு கால்களாலும் அவரை உதைத்துக்கொண்டிருக்கின்றாள்.

அந்தச் சிறு தலையணையை மீண்டும் றங்குப் பெட்டியிலேயே வைத்தோம். ஆனால், இம்முறை ஒரு கடதாசித் துண்டிலே, அது யாருக்கு, எந்த ஆண்டில், எதற்காகத் தைக்கப்பட்டது என்று எழுதி, உறையிலே ஊசியால் குத்தி வைத்திருக்கின்றோம். பெட்டிக்குப் பூட்டுப் போடவில்லை.